சுவர் இருக்கு... சித்திரமும் இருக்கு!

எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டதே சென்னைச் சுவர்களில்தான். 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் மேலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சிரித்துக்கொண்டிருக்கும். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே சட்டம் போட்டாயிற்று. பசை வாளிக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது!

அப்பேர்ப்பட்ட ஊரில், "சுவர் பார்க்கப் போறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால்?

"நம்ம வீட்டுச் சுவரு பெயின்ட்டைப் பார்த்து நாலு வருஷமாச்சு. அதை முதல்ல பாருங்க" என்றாள் சகதர்மிணி. காது கேட்காதவனாக ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன்.

போன இடம், கண்ணகி நகர். ஓ.எம்.ஆரில் கண்ணாடி மாளிகை கம்பெனிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடியே போய், துரைப்பாக்கத்தில் திரும்ப வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களை 2000-த்திலிருந்து இங்கே கொண்டுவந்து குடிவைத்தது குடிசை மாற்று வாரியம். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வீடு வந்தது. பக்கத்திலிருந்த வேலையும் பள்ளிக்கூடமும் கூட வரவில்லை.

2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியும் கைகொடுக்க, இங்கே பிரம்மாண்டமாக ஓவியங்கள் தீட்டியது. நம்ம சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்தது இந்த ஏரியாப் பிள்ளைகளின் சிரித்த முகங்களை! கட்-அவுட் வைக்கிற ஊர்தான் நம்முடையது. ஆனால், ஓட்டும் கேட்காத, டிக்கெட்டும் விற்காத முகம் இவ்வளவு உயரத்தில் நின்று இப்போதுதான் பார்த்தேன். சில இடங்களில் வெயிலில் வெளுத்து, குழாய்க் கசிவில் ஊறியிருக்கிறது. ஓவியத்துக்கு நடுவிலேயே ஜன்னல், ஜன்னலில் காயும் லுங்கி.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"போட்டோ எடுக்க வந்தீங்களா தம்பி?" என்றார் கடைக்கார அம்மா. "படம் வரைஞ்சப்புறம் உங்களை மாதிரி ஆளுங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பேரைச் சொன்னா ஆட்டோவே வராது."

பக்கத்தில் இருந்த பையன் சிரித்தான். பி.காம். முடித்தவனாம். நம்ம ஜாதி! "ஸார், இன்டர்வியூவுக்குப் போனா துரைப்பாக்கம்னுதான் எழுதுவேன். கண்ணகி நகர்னு எழுதின ரெண்டு இடத்துல, 'சொல்லி அனுப்பறோம்'னாங்க. இன்னும் சொல்லி அனுப்பலை."

எனக்கு டீ தொண்டையில் நின்றது. காரணம் இருக்கிறது. 2013-ல் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் பைக் லோன் மனுக்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா நான். 'நெகடிவ் ஏரியா' என்று ஒரு லிஸ்ட் கொடுத்திருந்தார்கள். சம்பளச் சீட்டு சரியாக இருக்கும், கையெழுத்து சரியாக இருக்கும். அட்ரஸில் கண்ணகி நகர் என்றிருந்தால் ரப்பர் ஸ்டாம்ப்பை 'டொப்'பென்று அடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பேன். ஒரு ஆளின் முகத்தையாவது பார்த்திருப்பேனா? ஊஹும்.

அதைப் பையனிடம் சொல்ல வாய் வரவில்லை. டீக்கு மட்டும் காசு கொடுத்தேன்.

"இப்ப பரவாயில்லை ஸார்" என்று அவனே சொன்னான். "நம்ம கார்த்திகா பஹ்ரைன்ல கபடி ஜெயிச்சதும் டி.வி.யில அத்தனை பேரும் கண்ணகி நகர், கண்ணகி நகர்னாங்க. அடுத்த இன்டர்வியூவுல ஒரிஜினல் அட்ரஸையே எழுதப்போறேன்." 2025 ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணை கேப்டன் அவர். எந்தக் கம்பெனி பெயின்ட்டும் அடிக்க முடியாத கலர் அது!

கிளம்பும்போது மொபைல் அடித்தது. சகதர்மிணி.

"எங்கே இருக்கீங்க?"

"கண்ணகி நகர்ல."

"ஐயையோ! அங்கே உங்களுக்கு என்ன வேலை?"

அந்த 'ஐயையோ'வை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் சத்தம்!

"அடுத்த ஞாயிறு நீயும் வா, காட்டறேன்" என்றேன். "டீ நல்லா இருக்கு."