கண்ணாடிக்குள் எல்லைச் சண்டை: மலைநாட்டில் கடல்மீன் வளர்ப்பு

கடற்கரையிலிருந்து பல மணிநேரம் மலையேறி வந்துசேர வேண்டிய எல்கடுவ போன்ற ஓர் ஊரில் கடல்நீர்த் தொட்டி வைத்து முருகைக்கற்பாறை மீன்களை வளர்க்க முனைபவருக்கு எதிர்ப்படும் சிக்கல்களுள் நீரின் உப்பளவு, வெப்பம், மின்தடை ஆகியவை கருவிகளைக் கொண்டு ஓரளவு தீர்க்கத்தக்கவை. ஒரு மீன் மற்றொன்றைக் கடித்துத் துரத்தும் சிக்கலுக்கு மட்டும் அவ்வாறான கருவி எதுவும் விற்பனையில் இல்லை. திருகோணமலையிலோ நீர்கொழும்பிலோ வாழ்பவர், பொருந்தாத மீனைப் பிடித்துப் பையிலிட்டு அன்று மாலையே வாங்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளக் கூடும். மாத்தளை மாவட்டத்தின் தேயிலை மலைகளுக்கிடையே அதற்கு வழியில்லை என்பதுடன், ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பையில் ஒருமுறை நெடும்பயணம் செய்து களைத்த மீனை மீண்டும் அதே பாதையில் அனுப்புவது பலவேளைகளில் அதனைக் கொல்வதாகவே முடிகிறது. எனவே சண்டைக்கார மீன்களைக் கையாளும் கலையின் பெரும்பகுதி, இவ்வூரில், மீன் வீட்டுக்கு வருமுன்னரே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

முருகைக்கற்பாறையில் வாழும் மீன் ஒவ்வொன்றும் உணவு, ஒளிவிடம், இணை ஆகிய மூன்றின் பொருட்டே பெரும்பாலும் மற்றொன்றைத் தாக்குகிறது. தான் மேயும் பாசித்திட்டையும் தான் உறங்கும் பொந்தையும் உள்ளடக்கி ஒரு மீன் காத்துக்கொள்ளும் பரப்பை விலங்கியலார் ஆட்சிப்புலம் என்பர். கடலில் இப்புலத்தின் விளிம்பைத் தாண்டியதும் துரத்தல் நின்றுவிடுகிறது. தோற்ற மீன் பாறையின் மறுபுறம் சென்று மறைய, வென்ற மீன் தன் மேய்ச்சலுக்குத் திரும்புகிறது. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் அதேயளவு உயரமும் கொண்டு ஏறத்தாழ 250 லீற்றர் நீர் பிடிக்கும் ஒரு வீட்டுத் தொட்டியோ, முழுவதுமாக டாம்சல் என்னும் சிறுமீன் ஒன்றின் புலத்துக்குள் அடங்கிவிடக் கூடியது. தோற்ற மீன் போவதற்கு வெளியே இடமில்லை. அது வென்றதன் கண்ணில் படும்போதெல்லாம், எல்லை மீறிய புதுமீனாகவே கணிக்கப்பட்டு மீண்டும் தாக்கப்படுகிறது. தொட்டியில் நிகழும் கொலைகளுக்குக் காரணம் கொலைகார மீனின் குணம் என்று சொல்லப்படுவது வழக்கமாயினும், கடலில் ஓரிரு நொடிகளில் முடியும் ஒரு செயலை முடியவிடாமல் தடுக்கும் கண்ணாடிக்கே அப்பழியின் பெரும்பங்கு உரியது.

ஒஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லொரன்ஸ் 1963இல் வெளியிட்ட, மூர்க்கம் பற்றிய தம் நூலை முருகைக்கற்பாறை மீன்களிலிருந்தே தொடங்கினார் என்பது தொட்டி வளர்ப்போர் அறியவேண்டிய செய்தி. பல இனங்களை ஒரே தொட்டியில் விட்டு யார் யாரைக் கடிக்கிறார்கள் என்று கவனித்தபோது, கடிகளில் மிகப் பெரும்பங்கு தன் இனத்தின் மீதே விழுவதை அவர் கண்டார். பளிச்சிடும் நிறங்கள் தன்னினத்தாருக்கு விடுக்கும் எச்சரிக்கைப் பலகைகள் என்ற அவரது விளக்கம் பின்னர் வந்த ஆய்வாளர்களால் பெரிதும் ஐயுறப்பட்டது. எனினும் வளர்ப்பாளரின் அன்றாட அனுபவம் அவரது கண்டறிதலின் பக்கமே நிற்கிறது. ஒரே இனம், அடுத்து ஒரே உடலமைப்பு, அடுத்து ஒரே உணவு என்ற வரிசையிலேயே பகை குறைந்து செல்கிறது. ஆகவே மீனைத் தெரிவுசெய்பவர் அதன் அழகைப் பார்க்குமுன், தொட்டியில் ஏற்கெனவே உள்ளவற்றுள் எதற்கு அது ஒத்திருக்கிறது என்பதைப் பார்ப்பது நலம்.

டாம்சல் என்னும் சிறுமீன் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது. விலை குறைவு, உயிர் கெட்டி என்ற இரு காரணங்களால், புதிய தொட்டியில் முதன்முதலாக விடப்படும் மீனாக இது நெடுங்காலம் இருந்துவந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் புதுத்தொட்டியில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த நச்சுக் காலத்தைத் தாங்கிக்கொள்ளும் பலி மீனாக டாம்சல் பயன்பட்டது. தாங்கிய மீன் சாகாமல், பாறை முழுவதையும் தன் புலமாகக் கொண்டு, பின்னர் வந்த மென்மையான மீன்கள் ஒவ்வொன்றையும் மூலையில் ஒதுக்கியது. கரும் உடலில் மூன்று வெண்புள்ளிகள் கொண்டு டொமினோ என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் இனம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு: விரற்கணு அளவில் வாங்கப்படும் அது 14 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது, வளர வளர வெண்புள்ளிகள் மங்குகின்றன, மூர்க்கம் மங்குவதில்லை. அமோனியக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இட்டே பற்றீரியாவை வளர்க்கலாம் என்று பரவலாக அறியப்பட்டுவிட்ட இன்றைக்கு, இப்பழைய முறையைக் கைக்கொள்ள நியாயம் ஏதுமில்லை. சாதுவான மீன் முதலிலும் முரட்டு மீன் கடைசியிலும் நுழையவேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி; டாம்சலை முதலில் விடும் வழக்கம் அவ்விதியைத் தலைகீழாக்கிவிடுகிறது.

கோமாளி மீனின் சண்டையோ வேறு வகையைச் சேர்ந்தது. இலங்கைக் கடலிலும் காணப்படுவனவும் தமிழ்நாட்டின் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டனவுமான இம்மீன்கள் ஆணாகவே முதிர்ந்து, கூட்டத்தின் தலைமை கிடைக்கும்போது பெண்ணாக மாறுபவை. தலைமைப் பெண் தன் மூர்க்கத்தாலேயே ஏனையவற்றின் பால்மாற்றத்தை அடக்கி வைத்திருக்கிறது என்பதை ஹான்ஸ் பிரிக்கேயும் சிமோன் பிரிக்கேயும் 1977இல் எடுத்துக்காட்டினர். வரிசையில் கீழேயுள்ள மீன், மேலேயுள்ளதைவிடச் சிறியதாக இருக்கும்படி தன் வளர்ச்சியையே மட்டுப்படுத்திக்கொள்கிறது என்பதைப் பீற்றர் பஸ்டன் பப்புவா நியூகினிக் கடலில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். இவ்வறிவு தொட்டியில் நேரடியாகப் பயன்படுகிறது. ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இரு இளம் மீன்களை ஒன்றாக வாங்கினால், பெரியது கொத்தும்போது சிறியது பக்கம் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டும். அது பணிவின் அடையாளம் என்பதை அறியாத வளர்ப்பாளர் நோய் என்று பதறி இரண்டையும் பிரித்துவிட்டால், உருவாகிவந்த ஒழுங்கு குலைந்து மீண்டும் தொடக்கத்திலிருந்து கடிபட வேண்டியிருக்கும். இணைசேர்ந்த பின் மூன்றாவது கோமாளி மீனைச் சேர்ப்பது, அது எந்த இனத்ததாயினும், தவிர்க்கப்பட வேண்டியது. முட்டையிட்ட பெண் மீன் தொட்டிக்குள் நுழையும் கையையும் கடிக்கும். அதனைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை.

புதிய மீனை அறிமுகப்படுத்துவதில் மிக நம்பகமான உத்தி, துளையிட்ட தெளிவான பிளாஸ்திக்குப் பெட்டியொன்றில் அதனை இட்டுத் தொட்டிக்குள்ளேயே சில நாள்கள் தொங்கவிடுவதாகும். பழைய மீன் பெட்டியை முட்டும், செட்டைகளை விரிக்கும். கடி மட்டும் படாது. நாள்கள் செல்ல முட்டுதல் குறைகிறது. எல்லை தீர்ந்த அயல்மீனைவிட அறியாத மீனையே புலக்காரர் கடுமையாகத் தாக்குவர் என்பது பல விலங்குகளில் கண்டறியப்பட்ட உண்மை. வரப்புத் தகராறு தீர்ந்த காணிக்காரர் இருவர் வழிப்போக்கரையே ஐயத்துடன் பார்ப்பதை இதனுடன் ஒப்பிடலாம். முட்டுதல் குறையாத மீன் ஒன்றிருப்பின், புதியதை விடுவதற்குப் பதிலாக அப்பழைய மீனையே பிடித்துப் பெட்டியில் அடைத்து, புதியது பொந்துகளைப் பழகிய பின் விடுவது பயன் தரும்; இப்போது வந்தேறி அதுவேயாகிறது. பாறைகளுக்கிடையே ஓடும் மீனை வலையால் பிடிப்பது எளிதன்று. பிளாஸ்திக்குப் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இரையிட்டுச் செய்யப்படும் பொறி, வலையைவிடப் பன்மடங்கு நல்லது. பாறைகளை இடம்மாற்றி அடுக்குவது, விளக்கணைத்த பின் விடுவது, தொட்டியின் ஒரு புறத்தில் வெளியே முகம்பார்க்கும் கண்ணாடி வைத்துப் பழைய மீனின் கவனத்தைத் திருப்புவது போன்றவை துணை உத்திகள் மட்டுமே.

எல்கடுவவின் தட்பவெப்பம் இவ்விடத்தில் குறிப்பாகக் கருதத்தக்கது. முருகைக்கற்பாறை மீன்களுக்கு 25 முதல் 27 பாகை செல்சியசு வெப்பம் பொருந்தும். கொழும்பில் தொட்டியைக் குளிர்விக்கப் பாடுபடும் வளர்ப்பாளருக்கு மாறாக, மலையில் இரவுக் குளிரிலிருந்து காக்க ஹீட்டர் தேவைப்படுகிறது. குளிர்ந்த நீரில் மீன் மந்தமாகிறது, சண்டையும் அடங்குகிறது. அவ்வமைதியை இணக்கம் என்று நம்பிவிடலாகாது. ஒரே நாளுக்குள் 3 பாகைக்கும் குறைவான வெப்ப உயர்வு டாம்சல் மீன்களின் துணிவையும் மூர்க்கத்தையும் கூட்டுவதாகவும், அம்மாற்றம் மீனுக்கு மீன் பெரிதும் வேறுபடுவதாகவும் பைரோவும் உடனாய்வாளரும் 2010இல் காட்டியுள்ளனர். மின் நின்று நீர் குளிர்ந்த இரவில் ஒன்றாக ஒடுங்கியிருந்த மீன்கள், மின் வந்து நீர் சூடேறும் காலையில் சண்டையிடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. எனவே புதிய மீனை விடும் நாளில் வெப்பம் முன்னரே நிலைப்பட்டிருத்தல் வேண்டும். தோற்ற மீன் பெரும்பாலும் ஒளியும் இடம் ஹீட்டரின் பின்புறமாதலால், அதற்குத் துளையுள்ள உறையிடாவிடில் கடிபட்ட மீன் சூடும் படும்.

ஒளிவிடங்களைப் பெருக்கப் பாறை வேண்டும். ஆனால் இலங்கையில் கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது. 1981ஆம் ஆண்டின் கடற்கரை பேணல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது இத்தடை வன்மை பெற்றது. சுட்ட களிமண் குழாய்களும், துருக்கோடு இல்லாத மலைக்கற்களைத் தேய்த்துக் கழுவி ஒட்டிய வளைவுகளும் மலைநாட்டு வளர்ப்பாளருக்குப் போதும். கல்லின் அளவைவிட அதன் அடுக்கு முக்கியமானது: தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி இரு தனிக் குன்றுகளாக அடுக்கினால், தோற்ற மீன் பார்வையிலிருந்து மறைய இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு பொந்துக்கும் இரு வாயில்கள் இருக்கவேண்டும். ஒரே வாயிலுள்ள பொந்து ஒளிவிடமாகாது, பொறியாகும். இரையையும் இரு முனைகளில் ஒரே நேரத்தில் இடுதல் நன்று.

துரத்தல் எல்லாம் ஆபத்தன்று. துரத்தப்பட்ட மீன் இரை வேளையில் வெளியே வந்து உண்ணுமாயின் பொறுத்திருக்கலாம். செட்டை கிழிந்து, நிறம் வெளிறி, நீர்மட்டத்தின் மேல்மூலையில் நின்று வேகமாக மூச்சுவிட்டு, இரையையும் மறுக்குமாயின் அன்றே பிரித்தாக வேண்டும். ஓயாத அச்சம் மீனின் நோயெதிர்ப்பைக் குறைப்பதால், கடியில் தப்பிய மீனை வெண்புள்ளி நோய் கொண்டுபோவதே மிகுதி. இந்து சமுத்திரத்துக்கே உரிய பவுடர் புளூ என்னும் நீலநிற சர்ஜன் மீன் இவ்விரண்டுக்கும் பேர்பெற்றது: வாலடியில் கத்தி போன்ற முள்ளைக் கொண்டு பிற சர்ஜன் மீன்களைக் கீறும் அதுவே, வெண்புள்ளிக்கு மிக எளிதில் ஆளாகவும் செய்கிறது. இலங்கைக் கடலில் பிடிக்கப்படும் மீன் என்பதால் இது கடைகளில் கண்ணைக் கவரும் வகையில் வைக்கப்பட்டிருக்கும். ஆறடிக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்போர் இதனைப் பார்த்து மகிழ்ந்து வெறுங்கையுடன் திரும்புவதே முறை.

கிளாத்தி மீனைப் பற்றிய தீர்ப்பும் இதுவே. நண்டின் ஓட்டையும் சங்கின் ஓட்டையும் உடைக்கும் பல் கொண்ட அம்மீன் முதுகு முள்ளை நிமிர்த்திப் பொந்துக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டால் வெளியே எடுக்கவும் இயலாது. பொருந்தாமற்போன எந்த மீனையும் கடலில் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. இந்து சமுத்திர, பசிபிக் கடல்களின் சிங்கமீன், 1985இல் புளோரிடாக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டு, இன்று கரிபியன் முழுவதும் உள்ளூர் மீன்களைத் தின்று பெருகியிருப்பதற்குத் தொட்டிகளிலிருந்து விடப்பட்ட மீன்களே காரணமாகக் கருதப்படுகின்றன. எல்கடுவயில் கடல்மீன் வளர்க்க விரும்புவோர், பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இம்மீன் மற்றவற்றைக் கடித்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இல்லை என்ற விடை வந்தால், அம்மீனை வாங்கவேண்டாம்.