நைனிதால்: ஏரியும் மலையும்

இமயம் என்றதும் எம்மவர் மனக்கண்ணிற் பனிமூடிய சிகரங்களே தோன்றும். பூமிசாத்திர வகுப்பிலே அம்மலையை மூன்று நீண்ட கோடுகளாக வரைந்து, வடகோடியிலுள்ள பெருஞ்சிகரங்களைப் பற்றியே பேசித் தெற்கேயுள்ள இரண்டையும் விரைந்து கடந்துவிடுவதே நாம் கற்ற காலத்து வழக்கம். பல்லாண்டுகளின் பின், உடன்கற்ற நண்பர் இருவரோடு குமாவோன் பகுதிக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. அன்று விடுபட்ட தென்புறத்திலேயே பத்து நாட்களைக் கழித்தோம்.

புகையிரதம் காத்கோதாம் வரையே செல்லும். அதனைச் சூழ்ந்த மலையடி நிலத்தைப் பாபர் என்பர். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் காலங்காலமாக உருட்டிவந்த கற்களும் பரல்களுமே அந்நிலம். ஓடை நீர் அதன்மேல் நில்லாது கல்லிடுக்கிற் புகுந்து மறைந்துவிடுகிறது. தெற்கே தராய் எனப்படும் தாழ்நிலத்தில் மீண்டும் ஊற்றாய் வெளிப்பட்டுச் சதுப்பாகிறது. சுண்ணக்கல்லின் கீழ் நீர் தேடிக் கிணறு தோண்டும் குடாநாட்டார்க்கு, நிலத்தினுள் ஓடும் நீர் புதுமையன்று. எனினும் பாலத்தின் கீழ் வெறுங் கற்களே கிடக்கக் கண்டு, "ஆறு எங்கே?" என்று நண்பர் வினவினார்.

அங்கிருந்து நைனிதாலுக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். மோட்டார் வண்டி வளைந்து வளைந்து ஏற, சால் மரக்காடு பின்னே போய்ச் சீர் என்னும் பைன் மரங்கள் வந்தன. மேலே பாஞ்ச் என்னும் ஓக் மரங்கள் நெருங்கி நின்றன. பாஞ்ச் காட்டின் உதிர்ந்த இலைமெத்தை மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடுகின்றது. பைன் மரத்தின் கீழோ ஊசியிலைகள் காய்ந்து கிடந்து கோடையில் எளிதிற் தீப்பற்றும். ஆதலின் ஊரார் பாஞ்சினையே பெரிதும் மதிக்கின்றனர்.

நகர் ஏரியைச் சுற்றி அமைந்தது. கடல்மட்டத்திலிருந்து 1,900 மீற்றருக்கு மேலே, சிறுநீரக வடிவிற் கிடக்கும் இவ்வேரியின் மேற்றலை மல்லிதால், கீழ்த்தலை தல்லிதால். மூன்று பக்கமும் மலைகள். அவற்றுள் நைனா சிகரம் 2,600 மீற்றரைத் தாண்டும். மிகு நீர் தல்லிதாலிற் பலியா நாலா வழியே இறங்குகின்றது. கரையில் நைனாதேவி கோயில். மாலையில் மணியோசை நீரின்மேற் பரவி எதிர்மலையில் மோதித் திரும்புவதைக் கேட்டவாறு நெடுநேரம் இருந்தோம்.

இத்துணை அழகிய இடத்தில் மலையே பகையாயிற்று. வடகிழக்கேயுள்ள ஷேர்-கா-தண்டா என்னுஞ் சரிவு நொறுங்கிய பாறையால் ஆயது. நீர் ஊறினால் நில்லாது. 1880ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆந் தேதி, இடைவிடாத பெருமழையின் பின், காலையில் ஒரு சிறு சரிவு விடுதியொன்றின் ஒரு பகுதியை மூடிற்று. அகப்பட்டோரை மீட்கப் பலர் ஓடினர். நண்பகலின் பின் மலைச்சரிவே பெயர்ந்து வீழ்ந்து, மீட்கச் சென்றோரையும் புதைத்துவிட்டது. இறந்தோர் 151 பேர். பழைய கோயிலும் மண்ணுட் புதைந்தது. இன்று பிள்ளைகள் பந்தாடும் பெரிய மைதானம், அம்மண் ஏரியின் ஓரத்தைத் தூர்த்தமையாற் பரந்தது என்று அறிந்தபோது, நாம் அதன் நடுவே நின்றுகொண்டிருந்தோம்.

அதன் பின்னரே மலையெங்கும் கல்லாற் கட்டிய வடிகால்கள் விரிவாக அமைந்தன. மழைநீர் பாறையினுள் ஊறுமுன் அதனை ஏரிக்குக் கொண்டுசேர்ப்பதே அவற்றின் பணி. எம்மைப் பொறுத்தவரை, அந்நகரிற் பார்க்கத்தக்கவற்றுள் முதலிடம் இவற்றுக்கே. விடுதிக்காரர் ஒரு முதியவர். "ஐயா, விருந்தினர் ஏரியைப் பார்க்கிறார்கள், நாங்கள் வடிகாலைப் பார்க்கிறோம். அது அடைபட்ட இரவில் இங்கு எவரும் உறங்கார்" என்றார். எனினும் ஓரிடத்திற் குப்பையும் கட்டட இடிபாடும் அதனுள் நிறைந்திருந்ததை நாமே கண்டோம்.

இன்று ஊராரை வருத்துவது மற்றொரு கவலை. ஏரிக்கு மேலே சூக்காதால், அஃதாவது வற்றிய ஏரி, என்றொரு பள்ளம் உண்டு. மாரியில் நிறைந்து, பின் நிலத்தடியாற் கசிந்து கீழேயுள்ள ஏரிக்கு நீரூட்டுவது அதுவே. அதன் விளிம்பைக் கட்டடங்கள் நெருக்கிவிட்டன. நகரின் குடிநீரோ ஏரியிலிருந்தே பெறப்படுகிறது. 2017ஆம் ஆண்டுக் கோடையில் ஏரி மிகத் தாழ்ந்து, கரையோரம் மண்திட்டுக்கள் தோன்றின. அவ்வாண்டு தம் படகை நெடுந்தூரம் இழுத்தே நீரிற் சேர்க்க நேர்ந்ததாகப் படகோட்டி ஒருவர் எம்மிடங் கூறி, நீர் நின்ற பழைய வரையைத் துடுப்பினாற் சுட்டிக்காட்டினார்.