தறிக்காரரின் யோசனை

எங்கள் சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில், பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளிக்கும், அறுந்த இழையை விரல் நுனியால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் தறிக்காரருக்கும் இடையே, சேலைக் கணக்கைத் தவிர வேறு சம்பாஷணை நிகழாத வரையில், கரையிலோ நெசவிலோ ஒரு நூதனம் எப்படிப் பிறக்கும் என்ற விசாரம் எனக்கு நெடுநாளாக உண்டு.

இந்த விசாரத்துக்கு விடை தேடும்போது, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் 2011இல் அலுவலகம் திறந்த ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை நினைக்கிறேன். வெளியார் மூலதனத்தை நாடாமல், ஆகவே அவர்களுடைய அவசரத்துக்கும் ஆட்படாமல், பட்டத்தைவிடப் பயிற்சியையே நம்பி, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை 2005 முதல் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வந்த ஸ்ரீதர் வேம்புவின் தலைமையில், ‘ஜோஹோ டெஸ்க்’ என்னும் மென்பொருள் அந்தக் கிராமத்திலிருந்தே உலகச் சந்தைக்குச் சென்றது. மூலதனத்தினும், வேலை செய்பவர் மீது வைக்கும் இந்த விசுவாசமே பிரதானம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊர் ஜவுளி முதலாளிமார், கூலி பட்டுவாடா செய்யும் நாளில், “இந்தக் கரையை எப்படி மாத்தினா நல்லாருக்கும், அண்ணாச்சி?” என்று தறிக்காரரை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுமென விநயத்தோடு வேண்டுகிறேன்.