வெண்ணெய்ப் பழமும் தேங்காய்த் துருவியும்

சென்ற கோடையில் பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும் ரஞ்சன்குடிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கொணர்ந்த பையில் நான்கு வெண்ணெய்ப் பழங்களும், அவற்றை அரிவதற்கென்றே செய்யப்பட்ட பச்சை நிறக் கருவி ஒன்றும் இருந்தன. திருச்சிப் பழக்கடைகளில் 'பட்டர் ஃப்ரூட்' என்று விற்கும் அப்பழத்தை நான் முன்னரே அறிவேன். அதற்கெனத் தனியாக ஒரு கருவி உண்டென்பதை அன்றுதான் கண்டேன்.

ஒரு முனையில் பழத்தைப் பிளக்க ஒரு பிளாஸ்டிக் அலகு. நடுவில் கொட்டையைக் கவ்வித் திருகுவதற்குப் பற்கள். மறுமுனையில் சதையைக் கீற்றுக் கீற்றாக வழித்தெடுக்க விசிறி போன்ற தகடு. "ஐந்நூறு ரூபாய், மாமா" என்றாள் மருமகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு பழத்துக்கு ஒரு கருவியா? அப்படியானால் நுங்குக்கு ஒன்று, பலாச்சுளைக்கு ஒன்று என்று வாங்கினால் வீடு கொள்ளாதேம்மா! ஒரு கத்தி போதும், பார்" என்று அடுக்களைக்குள் நுழைந்தேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன். செய்து காட்டாமல் விட மனம் வரவில்லை.

பழத்தை இரண்டாகப் பிளந்தேன். கொட்டை ஒட்டியிருந்த பாதியை இடது உள்ளங்கையில் ஏந்தி, கத்தி முனையால் கொட்டையை ஓங்கிக் குத்தினேன். வழுவழுப்பான கொட்டை நழுவ, கத்தி பெருவிரலுக்குக் கீழே இறங்கியது. பெரம்பலூருக்கு ஓடி, இரண்டு தையல் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

இது என் ஒருவனின் அறியாமையன்று எனப் பின்னர் அறிந்து சற்றே ஆறுதலடைந்தேன். மேலைநாட்டு மருத்துவமனைகளில் இக்காயத்துக்கு 'அவகாடோ கை' என்றே பெயர் வழங்குகிறது. 2017-இல் பிரிட்டனின் அறுவை மருத்துவர்கள் சிலர், பழத்தின்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றுகூடக் கேட்டார்கள். ஆகவே அக்கருவியைச் செய்தவன் காரணமின்றிச் செய்யவில்லை.

எனினும் மறுநாள் கருவியும் தோற்றது. அதன் பற்கள் சிறிய கொட்டைக்கென அளவெடுக்கப்பட்டவை. உலகச் சந்தையில் மிகுதியாக விற்பது, கலிபோர்னியாவில் ஹாஸ் என்னும் அஞ்சல்காரர் தம் தோட்டத்தில் கண்டு, 1935-இல் காப்புரிமை பெற்ற இரகம். ஒட்டுக் கட்டி வளர்ப்பதால் அதன் பழங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். குடகிலும் நம் பழனிமலையின் கீழ்ச்சரிவுகளிலும் விதையிலிருந்து வளர்ந்த மரங்கள் பல. அவற்றின் பழங்களில் ஒன்றைப்போல் ஒன்று இராது. எங்கள் வீட்டுக்கு வந்த பழத்தின் கொட்டையோ எலுமிச்சையைவிடப் பெரிது. பற்கள் அதைக் கவ்வவே இல்லை.

என் துணைவி பேசாமல் பழத்தைப் பலகைமேல் வைத்தாள். கத்தியைச் சுற்றிலும் ஓட்டி, இரு பாதிகளையும் திருகிப் பிரித்தாள். தேக்கரண்டியின் நுனியைக் கொட்டைக்கு அடியில் செருகி நெம்பினாள்; கொட்டை வந்துவிட்டது. அதே கரண்டியால் சதையை வழித்து, கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு பிழிந்தாள். எல்லாம் இரண்டே நிமிடம்.

"பார்த்தாயா, கருவி வீண் செலவுதான்" என்றேன், வெற்றி என்னுடையது போல.

அவள் கரண்டியைக் கழுவியபடியே சொன்னாள்: "வீண்தாங்க. ஆனா, மேசையில வச்சுச் சுத்துற தேங்காய்த் துருவி ஒண்ணு வேணும்னு மூணு வருஷமாக் கேக்குறேன். அதையும் வீண்னுதானே சொன்னீங்க?"

உண்மைதான். "அரிவாள்மனை நுனியில் துருவி இருக்கிறதே, என் தாய் அதில்தானே துருவினார்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த அரிவாள்மனையில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. விரல் கணுக்கள் காலையில் வீங்கியிருக்கும். அதை அறிந்தும், கருவியின் விலையை மட்டுமே எண்ணினேன்.

தையல் பிரிக்கும்வரை சட்டைப் பித்தான் போடவும், ஒரு சின்ன வெங்காயம் உரிக்கவும் என்னால் இயலவில்லை. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் பிறந்த எனக்கு, ஒரு கிண்ணம் வெங்காயம் உரிக்க ஒரு பெருவிரல் எவ்வளவு உழைக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரே வேலைக்கான கருவிகள் நமக்குப் புதியவையல்ல. முறுக்கு உரலும் பணியாரச் சட்டியும் வேறெதற்கும் உதவா. ஆனால் அவை செய்வதை வெறுங்கை செய்யாது. எனவே யாரும் அவற்றை வீண் என்பதில்லை. வெண்ணெய்ப் பழத்தைக் கரண்டியே வென்றுவிடும். ஆண்டில் இரண்டு முறை வாங்கும் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கருவி வேண்டியதில்லை. கணக்கு அவ்வளவில் முடிந்ததென்று நானும் நினைத்தேன்.

மகன் ஒரு செய்தி சொன்னான். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டு வாதத்தால் துன்புற்ற தம் மனைவி சாதாரணத் தோல்சீவியைப் பிடிக்க இயலாமல் தவிப்பதைக் கண்டு, தடித்த, மென்மையான கைப்பிடி கொண்ட சமையல் கருவிகளை உருவாக்கி 1990-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். நலிந்த கைக்கெனப் பிறந்த அந்தத் தோல்சீவியை நல்ல கைகளும் விரும்பி வாங்கின. அவர் தொடங்கிய அதே ஆக்ஸோ நிறுவனம் இன்று வெண்ணெய்ப் பழக் கருவியும் விற்கிறது. கணவர் ஒருவர் தம் மனைவியின் கையைக் கவனித்ததே அதன் தொடக்கம் என்று கேட்டபோது, நான் தலைகவிழ்ந்தேன்.

அந்த வாரமே பெரம்பலூர் பாத்திரக் கடையில் சுற்றுத் துருவி ஒன்று வாங்கி வந்தேன். விலை, மருமகளின் கருவியைவிட நூறு ரூபாய்தான் கூடுதல். நாள்தோறும் பயன்படுகிறது. பச்சை நிறக் கருவி அலமாரியில் உறங்குகிறது. ஆனால் கை நடுங்கும் முதியவர் எவருக்கேனும் அது ஏற்றதாயிருக்கலாம் என்பதால் இப்போது அதைக் கண்டு நான் நகைப்பதில்லை.

துருவியின் கைப்பிடியை இப்போது காலையில் சுற்றுபவன் நானே. முதல் நாள் ஒரு மூடி துருவி முடிப்பதற்குள் எனக்குத் தோள் வலித்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூடியை எடுத்துக் கொடுத்தாள்.