தீபாவளிக்கு வாங்கிய தட்டுகள்

17 டிசம்பர் 2023, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக, வெள்ளிக்கிழமை செந்தூர் எக்ஸ்பிரஸ். ஆகஸ்டில் முன்பதிவு திறந்த காலையிலேயே எடுத்து வைத்த டிக்கெட். மத்தியானம் அம்மா பேசினாள். வெள்ளையடித்து முடித்தாயிற்று, நட்சத்திரம் கட்டியாயிற்று, முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரித்தாயிற்று. உடன்குடிக் கருப்பட்டியும் வந்துவிட்டது. பேசும்போதே ஓட்டின் மேல் மழை இரைவது கேட்டது. "மழை விடட்டும்யா, எண்ணெச் சட்டி வைக்கேன்" என்றாள்.

18, திங்கள்

அப்பா நம்பர் போகவில்லை. அம்மா நம்பரும். எதிர்வீடு, உபதேசியார், பால்காரர் என்று ஊரில் எனக்குத் தெரிந்த எல்லா நம்பருக்கும் அடித்துவிட்டேன்.

காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்று டிவியில் சொல்கிறார்கள். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் பக்கம் வருடம் முழுக்கப் பெய்தாலும் 95 தேறாது. தாமிரபரணி இரு கரையும் புரண்டு போகிறது. இந்த மாதம் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் எங்கள் தெரு மிதந்தபோது, "பேசாம ஊருக்கு வந்திருய்யா, இங்கன மழையே இல்ல" என்று அம்மா அழுதாள். இப்போது நான் யாரிடம் அழுவது?

நேற்றிரவு திருச்செந்தூரில் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நிற்கிறது. செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது. உள்ளே ஏறத்தாழ 800 பேர். நான் ஏற இருந்த வண்டி.

19, செவ்வாய்

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஏரல் தீவாகிவிட்டதாம். போன் இல்லை.

20, புதன்

அப்பா பேசினார். யாருடைய போனோ. பள்ளிக்கூட மாடியில் இருக்கிறார்களாம். "ரெண்டு பேரும் நல்லாருக்கோம்" என்றார், லைன் போய்விட்டது. ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன், வார்த்தையே வரவில்லை.

ரயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்களாம். அவர்கள் ஊரையும் சுற்றி வெள்ளம். இருந்த அரிசியைக் கோயிலில் சேர்த்துப் பொங்கியிருக்கிறார்கள். இதை வாசித்த பிறகுதான் இன்று சாப்பாடு இறங்கியது.

21, வியாழன்

அம்மா முதல்முறையாக என்னை வரவேண்டாம் என்றாள்.

"எய்யா, இந்த வருசம் வராத. உக்கார ஒரு இடம் கெடையாது. வந்தா நான் ஒனக்கு என்னத்தக் குடுப்பேன்?"

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம்கூட, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்டவள். இன்று இப்படிச் சொல்கிறாள். வீட்டுக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அரிசி, மிக்ஸி, பீரோத் துணி, கோழிகள் எல்லாம் போயிற்று. அதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். அவளாகவே சொன்னது ஒன்றுதான்: "தீவாளிக்கு நாலு வீட்டுல பலகாரம் வந்துச்சேய்யா. எந்த மொகத்த வச்சிக்கிட்டுத் தட்டத் திருப்பிக் குடுப்பேன்?"

எங்கள் தெருவில் தீபாவளிக்கு வரும் தட்டு வெறுமனே திரும்புவதில்லை. கழுவி அலமாரியில் ஏற்றி வைப்பாள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து வந்ததும் அதில் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, தூத்துக்குடி மக்ரூன் வைத்து, வெள்ளைத் துணி மூடிக் கொடுத்தனுப்புவாள். சிறுவயதில் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். சேற்றில் மூன்று தட்டு கிடைத்திருக்கிறது. எதிர்வீட்டு ஆச்சியின் தட்டு மட்டும் இல்லை. பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு.

நான் போகிறேன். திருச்செந்தூருக்கு ரயில் இல்லை, கோயம்பேட்டில் பஸ் பிடிக்க வேண்டும்.

23, சனி

நெல்லையிலிருந்து நிவாரணச் சாமான் ஏற்றிய மினி லாரியில் இடம் கொடுத்தார்கள். வழியெல்லாம் சாய்ந்த வாழை, செத்த மாட்டு வாடை. வழக்கமாகக் காலிப் பையோடு வந்து பலகார டப்பாக்களோடு திரும்புகிறவன் நான். இந்த முறை அரிசி, போர்வை, பெனாயில், மெழுகுவர்த்தி, மண்வெட்டி எல்லாம் சுமந்து வந்தேன். அம்மா எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. சென்னையில் வாங்கிய இனிப்புப் பெட்டிகளைக் காட்டி, தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாமே என்றேன். "கடைப் பலகாரத்தயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

புது வெள்ளைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு நேராக ஓடுகிறது.

24

நாள் முழுக்கச் சேறு அள்ளினோம். இரவு கேரல் ரவுண்ட்ஸ் பையன்கள் வரவில்லை.

25, திங்கள்

விடியற்கால ஆராதனை நடந்தது. கரண்ட் இல்லை, மைக் இல்லை. பெஞ்சுகள் வெளியே காய்ந்துகொண்டிருந்ததால் எல்லாரும் நின்றோம். ஒருவர் மேலும் புதுத்துணி இல்லை. சேகரகுரு பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு, நிவாரண அரிசியில் சபையார் சமைக்கட்டும், எந்தத் தெருக்காரரும் வந்து சாப்பிடட்டும் என்றார். நான் சாம்பார் வாளி தூக்கினேன். இந்த ஊரில் எத்தனையோ அசன விருந்து சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்குப் போல யாரும் இத்தனை நேரம் இலைமுன் உட்கார்ந்திருந்து பார்த்ததில்லை.

ஆச்சியும் வந்தாள். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கோழிகளைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினார்கள். தட்டுப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. சாயங்காலம் அம்மா பின்வாசல் வழியாகவே தண்ணீருக்குப் போனாள்.

26

அச்சு முறுக்கு அச்சின் இதழ்களுக்குள் சேறு இறுகிக் கிடக்கிறது. அம்மா விளக்குமாற்று ஈர்க்கால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுக்கிறாள்.

28, வியாழன்

நிவாரணப் பணம் 6000 ரூபாய்க்கு டோக்கன் வந்திருக்கிறது. முதலில் மிக்ஸி வாங்க வேண்டும் என்கிறார் அப்பா. முதலில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி ஆச்சி பெயரை வெட்ட வேண்டும் என்கிறாள் அம்மா. காலையிலிருந்து இதே சண்டை. அம்மா சத்தம் போட்டு நான் கேட்டு ஒரு வாரமாகிறது. ஏரலில் நாங்கள் வாங்கும் பாத்திரக்கடை இன்னும் திறக்கவில்லை, சேறு அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.