தொழில்: பறி தைத்தல்

நம் சபையின் நூற்றாண்டு மலருக்காகப் போன வாரம் நீங்கள் நாலு பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். முதல் குடும்பங்களின் பட்டியலை நீட்டினீர்கள். என் தாத்தாவின் பெயருக்கு நேரே, தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயம்’ என்று இருந்தது. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படி இல்லையே என்றேன். உங்களில் ஒரு தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: “வாத்தியாரய்யா, மலரை வெளியாளுகளும் படிப்பாங்க. ‘பறி தைத்தல்’னு போட்டா நல்லாவாங்க இருக்கும்?”

அன்று நான் பதில் சொல்லவில்லை. உன்மேல் கோபமில்லை கண்ணு. அதே பொய்யை உன் வயதில் நானும் சொன்னவன். அதனால்தான் வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பறி என்றால் என்னவென்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கொங்கு நாட்டில் ஆற்றுப் பாசனம் கொஞ்ச இடத்துக்குத்தான். மற்ற தோட்டமெல்லாம் கிணற்றை நம்பி இருந்தது. அறுபது, எழுபது அடி ஆழக் கிணற்றில் கவலை பூட்டுவார்கள். மாட்டுத்தோலில் தைத்த பெரிய பைதான் பறி. அதன் அடியில் தும்பிக்கை மாதிரி ஒரு தோல்குழாய். அதற்குத் தும்பி என்று பேர். ஏர்மாடு இரண்டும் சரிவில் இறங்கி இழுக்க, பறி நிறைந்து மேலே வரும். தும்பியைக் கட்டிய வால்கயிறு தளர்ந்ததும் தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். விடிவதற்கு முன் தொடங்கினால் வெயில் ஏறும் வரை கவலை ஓடும்.

அந்தப் பறியைத் தைத்தவர் என் தாத்தா. செத்த மாட்டை அப்புறப்படுத்தி, தோலை உரித்து, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் பதப்படுத்தி, தோல் வாரையே நூலாக வைத்துத் தைக்க வேண்டும். தையலில் ஊசிமுனை அளவு இடைவெளி விட்டாலும் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும். நாள் முழுக்க மாடு இழுத்தும் வயல் நனையாது. எத்தனை கம்பங்காடு, எத்தனை பருத்திக்காடு என் தாத்தாவின் தையலை நம்பி நின்றது என்று எண்ணிப் பாருங்கள். அவர் தைத்த பறியில் ஏறிவந்த தண்ணீரை அவர் தொட்டுக் குடிக்க முடியாது. கிணற்றுமேட்டுக்குக் கீழே நின்று இரண்டு கையையும் ஏந்த வேண்டும். யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள்.

1932-ல் பைகாரா மின்சாரம் வந்தது. பிறகு தோட்டம் தோட்டமாக மோட்டார் பூட்டினார்கள். கவலை நின்றது, பறியும் போனது. கூடவே களத்தில் ஆண்டுக்கொரு முறை அளந்து போட்ட தானியமும் போனது. இதைச் சொல்லாமல் என் தாத்தாவை விவசாயி ஆக்கினால், இல்லாத நிலத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு இருந்த வித்தையைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

மலரின் முதல் பக்கத்தில் வெள்ளைக்கார மிஷனரிமார் படம் போடுவதாகச் சொன்னீர்கள். போடுங்கள். லண்டன் மிஷன் சங்கத்தின் ஆடிஸ் ஐயர் 1830-ல் கோயம்புத்தூருக்கு வந்தார். வந்த மறு வருஷமே பள்ளிக்கூடம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆண்டனி வாட்சன் பிரப் ஐயரின் பெயரை ஈரோட்டுப் பிரப் ரோட்டில் போகிறவர்களெல்லாம் இன்றும் சொல்கிறார்கள். அவர் பெயரில் நிற்கும் ஆலயத்தைப் பார்க்கிறபோது என் மனசு இன்றைக்கும் நிறைகிறது. ஈரோட்டிலிருந்து ஊழியம் செய்த பாப்லி ஐயரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை போடலாம். கர்நாடக இசையைக் கற்று, இந்திய இசை பற்றி 1921-ல் புத்தகம் எழுதினார். பத்து வருஷம் கழித்துத் திருக்குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்தார். பாட்டும் கதையுமாகச் செய்தி சொன்னால்தான் இந்த மண்ணில் காது கொடுப்பார்கள் என்று அறிந்த மனுஷர்.

ஆனால் எந்த ஐயரும் என் தாத்தாவின் குடிசைக்கு முதலில் வரவில்லை. வந்தவர் பாட்டியின் தம்பி. நாலெழுத்து படித்து உபதேசியார் வேலைக்குப் போனவர். மாலையில் ராந்தல் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். பகலெல்லாம் வேலை செய்த ஆட்கள் வேப்பமரத்தடியில் மணலில் விரலால் எழுதுவார்கள். எங்கள் வீடுகளில் பேச்சு தெலுங்கு. எழுத்து, ஜெபம், பாட்டு எல்லாம் தமிழ். பாட்டி கடைசிவரை தெலுங்கில் சண்டை போட்டு, தமிழில் ஜெபம் பண்ணினாள். நம் முதல் கோயில் ஒரு சோளத்தட்டுக் கூரை. பெண்கள் உலையில் போடும் அரிசியிலிருந்து தினம் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் சேர்த்தார்கள். கூலிக்குக் கிடைத்தது ராகியாக இருந்தால் ராகி. சுவர் எழுந்தது அதில்தான். பதிவேட்டில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் ‘இன்னாரின் மனைவி’ என்றே இருக்கிறார்கள். பேர் கண்டுபிடித்துப் போடுங்கள்.

இனி என் பொய்யைச் சொல்கிறேன். எங்கள் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். விடுதியில் முதல் வாரம், எல்லாரும் குடும்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் “தாத்தா விவசாயமுங்க” என்றேன். யாரும் மேலே கேட்கவில்லை. நான்தான் மேலே மேலே கட்டிக்கொண்டு போனேன்: எத்தனை ஏக்கர், என்ன வெள்ளாமை, எத்தனை மாடு. ஒருநாள் தாத்தா என்னைப் பார்க்க வந்தார். தோள்துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியேயே நின்றார். கூட இருந்தவன் “யாருடா?” என்றான். “ஊர்க்காரர்” என்றேன். தாத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கொண்டுவந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “வர்றேனுங்க தம்பி” என்று பன்மையில் சொல்லிவிட்டுப் போனார். பேரனிடம், ஊர்க்காரர் பேசுகிற மாதிரி.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் அப்படிப் பேசினார். அடுத்த பொங்கலுக்குள் அவர் போய்விட்டார். அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் பேசவே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

திருச்சபை வரலாறும் இந்த மறைக்கிற வேலையைச் செய்திருக்கிறது தம்பிகளா. ஞாயிறுதோறும் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் பாடுகிறோம். தமிழுக்கு அவர் பெருங்கொடை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரில் எதிர்த்து நின்றவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். பாட்டைப் பாடும்போது எனக்கு இதுவும் நினைவு வரும். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு பாடுகிறேன். அடுத்து வந்த தேதிகளைப் பாருங்கள். 1908-ல் நம் லண்டன் மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27-ம் தேதி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-ல் கோவைத் திருமண்டலம் வந்தது, ஏ. ஜே. அப்பாசாமி முதல் பேராயர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக எழுதிக்காட்டியவர் அவர். இந்தத் தேதிகளை மலரில் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நல்ல வேலை.

அதே 1950-ல் இன்னொன்றும் நடந்தது. அதை ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. பட்டியல் சாதியார் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. சில சீக்கியப் பிரிவினரைத் தவிர, இந்துக்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் என்றது. பிறகு 1956-ல் மற்றச் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இடம் உண்டு, அவ்வளவே. ஞானஸ்நானத்துக்கு மறுநாளும் டீக்கடையில் தனி டம்ளர்தான் வைத்தார்கள். சர்க்கார் காகிதத்தில் மட்டும் அந்தச் சாதி இல்லை என்றாகிவிட்டது. அதனால், படிப்புக்கும் வேலைக்குமான சலுகை போகாமலிருக்க, நம் தெருவில் பலருக்குச் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர்.

இங்கேதான் உங்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். இப்போதைய சபையாரின் முழுப் பெயர்ப் பட்டியலை மலரில் போடாதீர்கள். மறைக்காதே என்று நான் சொல்வது உன் கதையை. அடுத்த வீட்டுக்காரனின் கதையை வெளியே இழுத்துப்போட உனக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. இரண்டு பெயரோடு வாழ்கிறவர்களைக் கோழை என்று ஒரு காலத்தில் நானே பேசியிருக்கிறேன். வாத்தியார் சம்பளம் கைக்கு வந்த பிறகு பேசின பேச்சு அது. பிள்ளையின் படிப்புக்காக ஒரு தாய் எதைத் தாங்குகிறாள் என்று தெரியாமல் பேசியது.

என் தாத்தாவின் விஷயத்துக்கு நானே வாரிசு. நானே சொல்கிறேன்: ‘தொழில்: பறி தைத்தல்’ என்று போடுங்கள். பறியின் படம் ஒன்று வரைந்து, தும்பி எது, வால்கயிறு எது என்று குறித்துக் கீழே போடுங்கள். படம் நான் வரைந்து தருகிறேன். கை நடுங்கினாலும் அந்த உருவம் எனக்கு மனப்பாடம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பதிவேட்டை எடுத்துவையுங்கள். தகரப்பெட்டிச் சாவி கோயில் பிள்ளையிடம் இருக்கிறது. வெயிலில் விரிக்காதீர்கள், மை வெளிறிவிடும். ஓரமெல்லாம் கரையான் தின்ற தாள், விரலை நனைத்துப் புரட்டாதீர்கள். நான் வாசிக்க வாசிக்க ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பதினேழாவது பெயர் பாட்டியுடையது. அவளுக்கு மட்டும் தொழில் கட்டம் காலியாக இருக்கிறது. ஆவாரம்பட்டை உரித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவள் அவள்தான்.