செம்மேட்டில் மாற்றிய பிரேக் ஒயர்

காரவள்ளியில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து கொல்லிமலை உச்சிவரை 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லில் நான் தினமும் அலுவலகம் போய்வரும் கியர் சைக்கிளில்தான் ஏறினேன். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிக வேலையில்லை; மூச்சு வாங்க நிற்கும்போது வண்டி பின்னோக்கி உருளாமல் பிடித்துக்கொள்ள மட்டும் லீவரை அழுத்தினேன். அப்படி நின்ற ஒரு வளைவில், லீவர் இடுக்கிலிருந்து முடிபோல ஒரு கம்பி இழை நீட்டிக்கொண்டிருந்தது. முன்பிரேக் ஒயர் அறுபடத் தொடங்கியிருந்தது.

மலைமேல் உள்ள செம்மேட்டில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். “டிஸ்க் பிரேக்னா ஆயில்தானுங்களே, இதுல ஒயருங்களா?” என்று மெக்கானிக் வியந்தார். நடுத்தர விலைச் சைக்கிள்கள் பலவற்றில் ஒயர்தான். அது, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் கையை இழுக்கிறது. கை திரும்பி, பேடை டிஸ்க்கின்மீது அழுத்துகிறது. ஒயர் போனால் டிஸ்க் இருந்தும் பயனில்லை.

உதிரி இன்னரும் (உள்ளே ஓடும் ஒயர்) அவுட்டரும் (அதன் மேலுறை) என் பையில் இருந்தன. கட்டிங் பிளேயரும் அரமும் அவரிடம். பழையதை உருவியபோது, லீவருக்குள் ஒயர் முனையின் குண்டை ஒட்டிய இடத்தில் இழைகள் பிரிந்திருந்தன. ஒவ்வோர் அழுத்தலிலும் அங்கேதான் ஒயர் வளைகிறது. காலிப்பர் முனையில் துரு. முன்சக்கரத்துக்கு ஒயர் மேலிருந்து இறங்குவதால், மழைத்தண்ணீரும் அவுட்டர் வழியே அங்கே போய்ச் சேர்கிறது.

அவுட்டரில் ஒரு கவனம் வேண்டும். கியர் அவுட்டரும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். அதனுள் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கின் இழுப்பில் பிளந்துவிடலாம். பிரேக்குக்கென விற்பதையே வாங்க வேண்டும். வெட்டிய முனையை அவர் அரத்தால் சமமாக்கினார். நசுங்கிய துளையை நான் ஊக்கால் திறந்தேன்.

ஒயரை முடுக்கும் கட்டத்தில்தான் பலர் பிழைசெய்கிறார்கள். பேட் தேய்ந்து லீவர் தளர்ந்ததும், ஒயரை இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். காலிப்பரின் கை அப்போதே பாதி தூரம் போய் நிற்கிறது; அவசரத்தில் அழுத்தும்போது மேற்கொண்டு நகர இடமில்லாமல் முட்டிக்கொள்ளும். கை முழுதாகப் பின்வாங்கியிருக்கும் நிலையில்தான் ஒயரை முடுக்க வேண்டும். பேட் தேய்மானத்தைக் காலிப்பரில் உள்ள பேட் திருகில் சரிசெய்ய வேண்டும். பிறகு லீவரைப் பலமுறை பலமாக அழுத்தினோம். புது ஒயர் படிந்து சற்றுத் தளர்ந்தது, மறுபடி முடுக்கினோம். எண்ணெய்க் கை டிஸ்க்கில் படாமல் மெக்கானிக் காட்டிய கவனம் எனக்குப் பிடித்திருந்தது. பேடில் எண்ணெய் ஏறினால் பிடிமானம் போய்விடும்.

ஆகாயகங்கை அருவிக்கு ஒதுக்கிய மதியம் இதில் போனது, வருத்தமில்லை. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடிகளைப் பார்த்தபடி இறங்கினேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்தேன். காரவள்ளிவரை லீவர் ஒரே இடத்தில் நின்றது.

ஒயர் இழுக்கும் டிஸ்க் பிரேக்கோடு மலையேறப் போகிறவர்கள், முந்தைய நாளே லீவருக்குள்ளும் காலிப்பர் முனையிலும் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் ஊரிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.